இரண்டரை ஜோடிச் செருப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் சமையலறையில் உட்கார்ந்து ஒரு மனிதர் அழுதார், அப்போது கிடைத்தது. அவர் அழுதுகொண்டிருந்தார், நான் காப்பி கலந்துகொண்டிருந்தேன். கலந்துகொண்டே, 'இதை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?' என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்களை நம்பி வாய் திறக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். [அனுபவம் அவருடையது.]

அவர் பெயர் ஹெலியோ. மணிலாவுக்குத் தெற்கே, கடல் தாண்டி இருக்கிற இலோயிலோ நகரத்தில், ஹாரோ பக்கம், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மின்விசிறி, சோற்றுக் குக்கர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் பழுது பார்ப்பவர். மனைவி ரொவீனா ஜெட்டாவில் நர்ஸ். ஒரே மகள், பதினொரு வயது. நான் இந்த ஊருக்குக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வேலை முடிந்தது, ஊர் விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஞானத்தாய். கோயில் பதிவேட்டில் இல்லை, மதம் இடிக்கும். வீட்டு வழக்கத்தில் நான்தான். அவள் என்னை 'நினாங்' என்பாள். பிள்ளையின் ஞானத்தாயை அப்பா 'மாரே' என்று கூப்பிடுவது இங்கே முறை. சம்பந்தி மாதிரி ஓர் உறவு, சண்டை மட்டும் கிடையாது.

[ஓர் இடைச்செருகல். இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பாவை 'தாய்' என்றும் அம்மாவை 'நாய்' என்றும் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதையில் அப்பா, அம்மா என்றே போடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் வேறு எதையும் கவனிக்க மாட்டீர்கள்.]

அவர் வந்தது ஒரு காரியத்துக்காக.

"மாரே, நீங்க எழுதுறவங்க. எம் மக கிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

"நீங்களும்தான் ஏழு வருஷமா எழுதுறீங்க."

"நான் பொம்மையைப் பத்தி எழுதுறவன். இது வேற."

2

முதல் தொடக்கம்: *ஹெலியோவின் வீட்டு வாசலில் அன்று ஒரு செருப்புகூட இல்லை.*

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செருப்பின் மகிமை உங்களுக்குத் தெரியாதே! அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: *அனுபவமில்லாத ஒரு தகப்பன் தனியாக ஒரு பெண் குழந்தையை* — வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்தில் வயலின் வாசிக்க வேண்டிவரும்.

நேராகச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ரொவீனா ஜெட்டாவுக்குப் போனாள். பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. போன மறுவாரம் அவள் அங்கிருந்து ஒரு பேசும் பொம்மை அனுப்பினாள். பெண் அதோடு விளையாடினாளா, என்ன சொன்னாள் என்று ஹெலியோ விவரமாக எழுதி அனுப்பினார். அதை ரொவீனா உடன் வேலை பார்ப்பவர்களிடம் காட்டினாள். அவர்கள் எல்லோரும் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். "எங்க பிள்ளைங்களுக்கும் எது வாங்கலாம்னு எழுதச் சொல்லுடி" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்த இணையப் பக்கம். குடும்பத்துக்கு வேண்டிய சாமான்கள், பொம்மைகள், படங்கள் பற்றி ஒரு தகப்பனின் அபிப்பிராயம். ஏழு வருஷத்தில் நானூற்றுப் பதினெட்டுப் பதிவுகள்.

மற்றவர்கள் நட்சத்திரம் கொடுப்பார்கள். ஹெலியோ செருப்புக் கொடுப்பார். நம் ஊரில் யாருக்காவது ஐந்து ஜோடிச் செருப்பு என்று எழுதினால் வாங்கியவர் வக்கீலைப் பார்ப்பார். இங்கே அப்படியில்லை. வீட்டுக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் விடுகிறார்கள், அவ்வளவுதான். புதுப் பொம்மை வந்த பத்தாம் நாள் பிற்பகலில் ஹெலியோ வாசலுக்குப் போய் எண்ணுவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்னும் அந்தப் பொம்மைக்காக வருகிறார்கள்? அதுதான் மதிப்பெண். முதல் நாள் எந்தக் குப்பைக்கும் எட்டு ஜோடி இருக்கும் என்பது அவர் கட்சி. பத்தாம் நாள்தான் பொம்மையின் சாயம் வெளுக்கும்.

அவர் எழுத்துக்கு ஒரு மாதிரி:

"பேட்டரி மூடிக்கு மூன்று திருகாணி. அதில் ஒன்று மட்டும் வேறு அளவு. இதைச் செய்தவருக்குப் பிள்ளை இல்லை. இருந்தால் பிள்ளையை வேறு யாரோ வளர்க்கிறார்கள். அரை ஜோடி."

"பெட்டியில் 'ஐந்து வயதுக்கு மேல்' என்று போட்டிருக்கிறது. எனக்கு நாற்பத்தொன்று. எனக்கும் முடியவில்லை."

படங்களுக்கு அவர் எழுதுவது வேறு ரகம். பிள்ளைகள் படத்தில் எந்த நிமிஷத்தில் அம்மா சாகிறாள், அல்லது ஊரை விட்டுப் போகிறாள், திரும்புகிறாளா, எத்தனையாவது நிமிஷத்தில் என்று மேலேயே போட்டுவிடுவார். "அம்மா பதினான்காம் நிமிஷம் போகிறார். எண்பத்தொன்றில் வந்துவிடுகிறார். பதிமூன்றில் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சோளப்பொரி வாங்கிக்கொண்டு இருபதில் வரவும்." உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தெருவில் பாதி வீட்டில் அம்மாவோ அப்பாவோ வேறு நாட்டில் இருக்கிற ஊரில் இது சிரிப்பு இல்லை. மணிலாவிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் அவருக்கு நன்றி எழுதினார்கள்.

எல்லாப் பதிவிலும் அந்தப் பெண் இருந்தாள். அவள் சிரித்தது, பயந்தது, எந்தப் பொம்மையைக் கடித்தது என்று எல்லாம். அவளைக் கேட்டு எழுதவில்லை. நான்கு வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? பிறகு அவளுக்கு எட்டு வயதானது, ஒன்பதானது. கேட்காமலே எழுதுவது பழகிவிட்டது.

3

பெண்ணின் பெயர் அமிஹான்.

[இல்லை. இது நான் வைத்த பெயர். மூன்று பெயர் சொன்னேன், அவளே இதைத் தேர்ந்தெடுத்தாள். எப்போது, எதற்கு என்று பின்னால் வரும்.]

ஆறாம் வகுப்பில் எஸ்கன்லார் டீச்சர் விளம்பரத்தை எப்படி நம்புவது, எப்படிச் சந்தேகப்படுவது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பொருள் விற்பவன் எழுதுவதற்கும் பொருளை வாங்கிப் பயன்படுத்தியவன் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? உதாரணம் வேண்டும். தன் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் அப்பா இதை அருமையாக எழுதுகிறார் என்று டீச்சருக்குத் தெரியும். பெருமையாகச் செய்யலாம், பிள்ளைக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தார். வகுப்பு டிவியில் ஹெலியோவின் பக்கத்தைத் திறந்தார். ஆக அதிகம் பேர் படித்த பதிவு தானாக மேலே வந்து நின்றது.

அந்தப் பதிவு ஒரு மெத்தை விரிப்பைப் பற்றியது. தண்ணீர் இறங்காத விரிப்பு. ஏன் அது வேண்டியிருந்தது, எத்தனை வயது வரை வேண்டியிருந்தது, பெண் என்ன சொல்லி அழுதாள், அப்பாவும் பெண்ணும் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஹெலியோ மனம் விட்டு எழுதியிருந்தார். அவர் எழுதியதிலேயே ஆக நல்ல பதிவு அதுதான். கீழே தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் 'எங்கள் வீட்டிலும் இதே கதை, நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்' என்று எழுதியிருந்தார்கள்.

டீச்சர் பாதிக்கு மேல் வாசித்த பிறகுதான் என்ன வாசிக்கிறோம் என்று கவனித்தார். அணைத்தார். அணைத்தென்ன? முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கூடவே கண்ணால் படித்து முடித்திருந்தார்கள்.

*அமிஹான் தலையைக் குனிந்துகொண்டு, தன் மேஜையின் மேல் யாரோ கீறி வைத்திருந்த* — இல்லை. அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் அங்கே இல்லை. எழுதினால் பொய்.

மதியத்துக்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. இந்த ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் கல்லறையில்கூட அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அறுபது வயது ஆளை 'மூக்கொழுகி' என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அதனால்தான் அந்தப் பெண் பயந்தாள். அன்றைக்கு நடந்தது அன்றோடு போகாது என்று அவளுக்குத் தெரியும்.

பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

4

மறுநாளிலிருந்து ஹெலியோவின் வாசலில் செருப்பு இல்லை. அமிஹான் யாரையும் வரவிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்குள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். சத்தம் போட்டிருந்தால் ஹெலியோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கழுவி வைத்த தட்டைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ரொவீனா பேசுவாள்; ஜெட்டாவில் அப்போது காலை எட்டு, வேலை முடிந்து வரும் நேரம். செல்பேசியை ஹெலியோ சோற்றுக் குக்கரில் சாய்த்து வைத்தார். அமிஹான் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"எல்லாத்தையும் அழிங்க. நானூத்திப் பதினெட்டையும்."

ஹெலியோ பதில் சொல்வதற்குள் செல்பேசியிலிருந்து குரல் வந்தது.

"ஐயோ, வேண்டாம் இந்தாய்! அந்த ஒண்ணை எடுத்துடட்டும். எல்லாத்தையும் எதுக்கு?" பெண் பிள்ளையை இங்கே 'இந்தாய்' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

"எல்லாத்துலயும் நான் இருக்கேன்ல?"

"உனக்கு முதல் பல்லு விழுந்தது எனக்கு எதுல தெரியும், சொல்லு? உங்கப்பா பல் தேய்க்கிற பிரஷ் பத்தி எழுதினாரே, அதுலதான். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுல உட்கார்ந்து அதைத்தான் படிப்பேன். பக்கத்துல இருக்கிறவ, என்னடி தனியா சிரிக்கிறேன்னு கேப்பா. அதை அழிச்சா எங்கிட்ட என்ன இருக்கு?"

"அம்மா, அது உங்க பஸ்ஸுல மட்டும் ஓடல. எங்க வகுப்பு டிவியிலயும் ஓடுச்சு."

ஹெலியோ எழுந்து போய்க் குழாயைத் திறந்து, எதையும் கழுவாமல், மூடிவிட்டு வந்தார்.

பூட்டிப் போட்டு அம்மா மட்டும் படிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவருக்கும் அதுதான் தோன்றியது. அன்றைக்கே கேட்டுப் பார்த்தார்.

"பூட்டிட்டா நீங்க ரெண்டு பேரும் படிப்பீங்க. என்னைப் பத்தி. நான் இல்லாதப்ப," என்றாள் பெண்.

"நாங்க அப்பா அம்மா, இந்தாய்."

"அதனாலதான் என்னைக் கேட்டிருக்கணும்."

அந்த விரிப்புப் பதிவை அவர் சம்பவம் நடந்த அன்றே எடுத்துவிட்டார். எஸ்கன்லார் டீச்சர் ஒரு கேக்கோடு வந்து, தானும் அழுது, கேக்கை மறந்துபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இதெல்லாம் அமிஹானுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எல்லாம் போக வேண்டும். ரொவீனாவுக்கு எல்லாம் இருக்க வேண்டும். ஒருத்தி வீட்டுக்குள் வாய் மூடிக்கொண்டாள். இன்னொருத்தி ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். நடுவில் ஹெலியோ. அதன் பிறகுதான் என் சமையலறைக்கு வந்தார்.

5

கடிதம் எழுதிக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான கடிதம். "என் கண்ணின் மணியே, உன் நிழலைக் கேட்காமல் வெயிலில் நிறுத்திவிட்டேன்" என்றெல்லாம் ஒரு பக்கம். ஹெலியோ தன் கையால் பிரதி எடுத்து அவள் தலையணை மேல் வைத்தார்.

மறுநாள் காலை அமிஹான் பள்ளிச் சீருடையோடு என் வாசலில் நின்றாள். கையில் கடிதம்.

"நினாங், இது உங்களோடது. எங்க வீட்டுக்குத் தப்பா வந்துடுச்சு."

வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டு என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அவள் திரும்பி நடந்ததும் உள்ளே போய், அவள் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

[இந்த இடத்தில் எனக்கு ஹெலியோ மேல் ஒரு சந்தேகம் இருந்தது. கதாபாத்திரமாக அவர் சரிப்பட்டு வருவாரா? ரொம்ப நல்லவராக இருக்கிறார். கொஞ்சம் புகழ் ஆசை, கொஞ்சம் திருட்டுத்தனம் சேர்த்தால் என்ன என்று யோசித்தேன். அவருக்குச் சேர்க்க நினைத்த இரண்டும் யாரிடம் ஏராளமாக இருக்கிறது என்று அடுத்த பகுதியில் தெரியும்.]

6

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் யாருமில்லை. டீச்சருக்குத் தெரியாது, வகுப்புக்குத் தெரியாது, அப்பன் மகள் இருவருக்கும் தெரியாது. உள்ளது உள்ளபடி எழுதலாம். பதிவில் இருந்ததை, பட்டப்பெயரை, அவள் பெயரைக்கூட. அப்படித்தான் எழுதினேன்.

ஒரு ஞாயிறு மதியம், நல்ல மழை. அமிஹான் பிஸ்கோச்சோ என்கிற இந்த ஊர் ரஸ்க் டப்பாவோடு வந்தாள், அப்பா கொடுத்துவிட்டாராம். மேஜை மேல் விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள். அவள் பெயரை ஒரு தாளின் ஓரத்தில் அவர்கள் எழுத்திலேயே நான் குறித்து வைத்திருந்தேன். எவ்வளவு கவனமான ஆள் பாருங்கள் நான்!

"இது நானா?"

பொய் சொல்ல வரவில்லை. "கதை" என்றேன்.

"எந்த மொழி?"

"எங்க ஊர் மொழி."

"எத்தனை பேர் படிப்பாங்க?"

"அந்த மொழி தெரிஞ்சவங்க ஒரு எட்டுக் கோடி இருப்பாங்க. அத்தனை பேருமா படிப்பாங்க? நூறு பேர் படிச்சாலே—"

"எட்டுக் கோடி," என்றாள். "எங்க வகுப்புல முப்பத்தெட்டுப் பேர்தான் நினாங்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாசிங்க. முதல்ல உங்க மொழியில ஒரு வரி. அப்புறம் அது என்னன்னு எனக்குச் சொல்லுங்க."

வாசித்தேன். ஒரு வரி தமிழ், ஒரு வரி அவள் மொழி. செருப்புப் பகுதிக்குச் சிரித்தாள். திருகாணிக்குச் சிரித்தாள். 'எனக்கு நாற்பத்தொன்று, எனக்கும் முடியவில்லை' என்ற இடத்தில், "அது நிஜம், அப்பா அதைத் தூக்கி எறிஞ்சார்" என்றாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிறகு டீச்சர் பகுதி வந்தது. தமிழில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசித்தேன். அவள் மொழியில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சுருக்கினேன். ஒரு பொருளை மாற்றினேன்.

"நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினேன்.

"நீளமா வாசிச்சீங்க, குட்டியாச் சொல்றீங்க. இப்ப என்ன பொருள்னு சொன்னீங்க?"

"மெத்தை விரிப்பு."

"இல்ல. நீங்க வாசிச்சது மெத்தை விரிப்பு இல்ல. அந்தச் சாமானுக்கு உங்க மொழியிலயும் அதே பேர்தான். எனக்குக் கேட்டுச்சு."

அவள் அழவில்லை. அலுத்துப்போன முகம். பதினொரு வயதில் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவாவது தெரியாம செஞ்சார் நினாங். நீங்க எல்லாம் தெரிஞ்சுதானே எழுதுறீங்க?"

ஆமாம் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை கண்மணி, நிழல், வெயில் எதுவும் வரவில்லை. "தப்புதான்" என்பது மட்டும்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிடட்டுமா என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "செருப்பு நல்லா இருக்கு. அது இருக்கட்டும்," என்றாள். பிறகு பேனாவை எடுத்து, எங்கே அந்தச் சொல் வருகிறது என்று விரலால் காட்டச் சொன்னாள். காட்டினேன். அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள்.

[இங்கே பதினொரு வரி இருந்தது. உரியவள் எடுத்துக்கொண்டாள்.]

அதனால்தான் மேலே மூன்றாம் பகுதியில் மெத்தை விரிப்பு. அவள் அனுமதித்த பொருள் அது. "விரிப்பு இருக்கட்டும். அது நான் இல்ல," என்றாள். பெயரையும் அன்றைக்குத்தான் மாற்றினோம். மூன்று பெயர் சொன்னேன், அமிஹானைப் பிடித்துக்கொண்டாள். இங்கே குளிர்காலத்தில் அடிக்கிற காற்றின் பெயர். அப்பா, அம்மா, டீச்சர் பெயர்களையும் அவளே மாற்றினாள். டீச்சருக்கு மட்டும் கொஞ்சம் வாய்க்குள் நுழையாத பெயராகப் பார்த்து வைத்தாள்.

போகும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பாவும் இப்படி எனக்கு வாசிச்சுக் காட்டலாம்ல?"

7

முடிவு எழுத வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ஹெலியோ ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழிக்கிறார். ஜெட்டாவில் பேருந்தில் ரொவீனா பக்கத்தைத் திறக்கிறாள். வெறுமை. இலக்கியப் பத்திரிகைக்குத் தோதான முடிவு. ஆனால் அந்தப் பேருந்தில் அவளை அப்படி உட்கார வைத்துவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

(ஆ) கிறிஸ்துமஸ். விமான நிலையம். ரொவீனா ஓடி வருகிறாள், மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு. இதை நிஜமாகவே எழுதிப் பார்த்தேன். ஹெலியோவிடம் சொன்னதற்கு, "அம்மா எண்பத்தொன்றாம் நிமிஷத்தில் திரும்புகிறார், அப்படித்தானே மாரே?" என்று கேட்டார். மனிதருக்கு வாய்க்கொழுப்பு திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

(இ) இதுவரை நடந்தது. இது முடிவு இல்லை, முடியவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த ஞாயிறன்று அமிஹான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒரு நிபந்தனை சொன்னாள். அழிக்க வேண்டாம். ஊர் பார்க்கிற பக்கத்தை மூட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, முதலிலிருந்து, அவர் அவளுக்கு வாசிக்க வேண்டும். சுருக்காமல். எது இருக்கலாம், எது போகலாம், எது அம்மாவுக்கு மட்டும் என்று அவள் சொல்வாள். சனிக்கிழமை ஒரு மணிக்கு, அம்மாவும் கேட்கிற மாதிரி.

ஹெலியோ நானூற்றுப் பதினெட்டுத் தலைப்புகளையும் பழைய ரசீதுகளின் முதுகில் எழுதி, நூல் கோத்து, அவளிடம் ஒரு பென்சிலோடு கொடுத்தார். செல்பேசியைக் குக்கரில் சாய்த்து வைத்தார். வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் சனிக்கிழமை நானும் இருந்தேன். பேசும் பொம்மை. நான்கு வயது அமிஹான் அந்தப் பொம்மையின் வாயில் சோறு ஊட்டி, அது பேச்சை நிறுத்திக்கொண்டது. ஹெலியோ திருப்புளியால் திறந்து பருக்கை பருக்கையாக எடுத்தார்.

"இதை நீங்க சொல்லவே இல்லையே!" என்றாள் பெண்.

"எழுதினேனே."

"எனக்கு யாரு சொன்னா? ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது."

குக்கர் மேலிருந்து ரொவீனா சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். "இருக்கட்டும்"னு போடு இந்தாய், போடு, என்று கெஞ்சினாள். அமிஹான் அம்மாவைக் கொஞ்ச நேரம் கெஞ்ச விட்டாள். பிறகு போட்டாள்.

படங்களைப் பற்றி எழுதியதில் நிமிஷக் கணக்கு மட்டும் திரும்ப ஊருக்குப் போகலாம் என்று தீர்ப்பானது. "அது மத்தப் பிள்ளைங்களுக்கு வேணும். நான் எந்த எடத்துல அழுதேன்னு போட வேண்டாம். எத்தனையாவது நிமிஷம்னு மட்டும் போடுங்க," என்றாள்.

இப்போது அறுபத்து மூன்றில் நிற்கிறார்கள். பதினேழு போய்விட்டது. அதில் ஒன்றுக்கு ரொவீனா கண்கலங்கிக் கேட்டும் அமிஹான் மசியவில்லை. சென்ற வாரம் வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதத் தோன்றும்.

அந்தப் பதிவு இருநூற்றேழாவது. எடுத்தாகிவிட்டது என்றாலும் ஹெலியோ பட்டியலிலிருந்து அதை நீக்கவில்லை. ஒரு பிரதி தன்னிடம் இருக்கிறது என்று அவரே அவளிடம் ஒத்துக்கொண்டார். அதற்குக் கீழே ரொவீனா எழுதிய பதில்தான் ஆக நீளமானதாம். அமிஹான் அதைப் படித்ததில்லை. படிப்பாளா, அடிப்பாளா, அம்மாவுக்கு மட்டும் என்று வைப்பாளா, எனக்குத் தெரியாது. இருநூற்றேழுக்கு வர இன்னும் எத்தனையோ சனிக்கிழமை ஆகும். அன்றைக்கு நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்.

8

நேற்று முழுக் கதையையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீளமாக வாசித்ததை நீளமாகவே சொன்னேன். இந்தப் பகுதியைத் தவிர. இதை இப்போதுதான் எழுதுகிறேன், நாளைக்கு வாசிப்பேன்.

"எத்தனை ஜோடி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டரை."

"அது என்னடி அரை? ஒத்தைச் செருப்போட எவ வருவா?"

"மத்த ஒண்ணு உங்க கதையைப் படிக்கிறவங்ககிட்ட இருக்கு."

"எப்படி?"

"அவங்க இப்ப என்ன செய்வாங்க? விரிப்பு இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப வேற என்னன்னு யோசிப்பாங்க. எங்க வகுப்பு மாதிரியே."

யோசிக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உங்களை எனக்குத் தெரியும், என்னையும் தெரியும்.

"யோசிக்காம விட்டாங்கன்னா மூணு ஜோடி," என்றாள் அமிஹான். "எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியாது. சும்மா அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.